ஸ்காட்லாந்துல கிர்க்குக்கு போறது எப்படி

நான் திருநெல்வேலி பக்கம் சிஎஸ்ஐ-ல வளந்தவன். கோயில்னா வெள்ளை அங்கி போட்ட ஐயர் (பாதிரியார அப்படித்தான் சொல்லுவோம்), பீடத்துல மெழுகுவத்தி, பூ, பாமாலை, வருஷத்துக்கு ஒருக்கா அசன விருந்து, எல்லாருக்கும் மேல ஒரு பிஷப், இப்படித்தான் மனசுல பதிஞ்சு கெடக்கு. எடின்பரோ வந்த புதுசுல ஒரு ஞாயித்துக்கெழம வீட்டு பக்கத்து சர்ச்சுக்கு போனேன், உள்ள நுழைஞ்சதும் ஏதோ ஸ்கூல் ஹாலுக்குள்ள வந்துட்டமோன்னு ஆயிடுச்சு. வெறும் சுவரு. சிலை கெடையாது, மெழுகுவத்தி கெடையாது, பீடம் இருக்க வேண்டிய எடத்துல ஆளு ஒசரத்துக்கு மேல ஒரு பிரசங்க மேடை. பிரசங்கம் ஆரம்பிச்ச ஒடனே பக்கத்துல உக்காந்திருந்த பாட்டி ஒருத்தங்க ஹேண்ட்பேக்க மெதுவா தொறந்து, பேப்பர் சரசரக்காம ஒரு வெள்ளை பெப்பர்மின்ட் மிட்டாய எடுத்து, என் பக்கம் திரும்பிக்கூட பாக்காம என் கையில வச்சு அமுக்கினாங்க. அதுக்கு பேரு பான் டிராப்பாம். கடிக்கக் கூடாது, சத்தம் வரும், அப்படியே வாயில ஒதுக்கி வச்சுக்கணும். பிரசங்கம் முடியவும் மிட்டாய் கரையவும் சரியா இருந்துச்சு. அன்னைக்கு நான் கத்துக்கிட்ட மொத ஸ்காட்லாந்து மதச் சடங்கு அதுதான்.

சர்ச்ச இங்க கிர்க்னு சொல்லுவாங்க. படிக்க, வேலைக்குன்னு வர்ற நம்மாளுங்க நெறைய பேரு ஒரு தடவ போயி பாத்துட்டு "என்னப்பா இது, உள்ள ஒண்ணுமே இல்ல"ன்னு விட்டுர்றாங்க. ஆனா அந்த ஒண்ணுமே இல்லங்குறதுலதான் மொத்த கதையும் இருக்கு, அங்க என்னென்ன இல்லன்னு ஒவ்வொண்ணா கவனிச்சீங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஒரு சண்ட இருக்கும், சிலதுக்கு பின்னால ரத்தமும் இருக்கும். கும்பிடப் போறவங்களுக்கு மட்டும் இல்ல, சும்மா வேடிக்க பாக்க போறவங்களுக்கும் சேத்துத்தான் எழுதுறேன், வாசல்ல நின்னு யாரும் உங்க மதம் என்னன்னு கேக்க மாட்டாங்க.

மொதல்ல கெளம்புறதுக்கு முன்னால சர்ச் இன்னும் இருக்கான்னு பாத்துக்குங்க. கிண்டல் இல்ல. 2022 சென்சஸ்ல ஸ்காட்லாந்துல பாதிக்கு மேல, 51.1 சதவீதம் பேரு, எந்த மதமும் இல்லன்னு எழுதிட்டாங்க, நாட்டோட பெரிய சபையான சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்துன்னு எழுதினவங்க 20.4 சதவீதம்தான், 2011-ல அது 32.4. அதனால கட்டடங்கள வரிசையா வித்துக்கிட்டு இருக்காங்க. பழைய மேப்ப நம்பி போனீங்கன்னா அங்க ஃபிளாட் இருக்கும், ஜிம் இருக்கும், கிளாஸ்கோ ஓரன் மோர் மாதிரி பாரும் இருக்கும். சர்ச்சோட வெப்சைட்லயோ ஃபேஸ்புக்லயோ இந்த வாரம் ஆராதனை உண்டா, எத்தன மணிக்குன்னு பாத்துட்டு போங்க. பெரும்பாலும் பத்தரை இல்லாட்டி பதினொண்ணு.

அடுத்து எந்த சர்ச்சுன்னு ஒரு கொழப்பம் வரும், ஏன்னா சின்ன ஊர்ல கூட ஒரே தெருவுல ரெண்டு மூணு பெரிய சர்ச் எதிரும் புதிருமா நிக்கும். அதுக்கு காரணம் 1843. அதுக்கு முன்னால நெலவரம் என்னன்னா, ஊருக்கு எந்த மினிஸ்டர், அதாவது பாதிரியார், வரணும்னு முடிவு பண்றது அந்த ஊரு நிலச்சுவான்தாரு, 1712-ல லண்டன் பார்லிமென்ட் போட்ட சட்டம் அப்படி. சபைக்கு புடிக்காத ஆளக் கொண்டாந்து தலையில கட்டுவாங்க, கோர்ட்டுக்கு போனா கோர்ட்டும் நிலச்சுவான்தாரு பக்கமே தீர்ப்பு சொல்லும். பொறுத்து பொறுத்து பாத்துட்டு 1843 மே 18-ந் தேதி எடின்பரோவுல சபையோட பெரிய பொதுக்கூட்டமான ஜெனரல் அசெம்ப்ளி கூடினப்ப ஒரு கூட்டம் எந்திரிச்சு வெளிய நடந்துருச்சு, நேரா கேனன்மில்ஸ்ல ஒரு பெரிய ஹாலுக்கு போயி தாமஸ் சால்மர்ஸ தலைவரா வச்சு ஃப்ரீ சர்ச்ச ஆரம்பிச்சாங்க. நாட்டுல இருந்த சுமார் 1200 மினிஸ்டர்ல 450-க்கும் மேல அவங்க பக்கம் போயிட்டாங்க. சம்பளம், வீடு, சர்ச் கட்டடம் எல்லாத்தையும் விட்டுட்டு. பிள்ளகுட்டியோட தெருவுக்கு வந்துட்டாங்க, அப்புறம் காசு பிரிச்சு ஊருக்கு ஊரு புது சர்ச் கட்டினாங்க, அதான் பழைய சர்ச்சுக்கு எதிர்லயே இன்னொண்ணு. 1900-லயும் 1929-லயும் பெரும்பாலானவங்க மறுபடி ஒண்ணு சேந்துட்டாங்க, சேர மாட்டேன்னு நின்னவங்க இன்னைக்கும் ஃப்ரீ சர்ச்தான், ஊர்க்காரங்க அவங்கள வீ ஃப்ரீஸ்னு கேலியா சொல்லுவாங்க, வீன்னா இவங்க பேச்சுல குட்டி. நீங்க அத அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லாதீங்க.

இந்த சண்ட மெட்ராஸ் வரைக்கும் வந்துச்சுங்குறது பலருக்கு தெரியாது. 1837-ல மெட்ராஸ்ல ஸ்கூல் ஆரம்பிச்ச ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்து மிஷனரி, 1843-ல அவரும் கூட இருந்தவங்களும் ஃப்ரீ சர்ச் பக்கம் சாஞ்சாங்க. அந்த ஸ்கூல்தான் பின்னால மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் ஆச்சு. எழும்பூர்ல 1821-ல தொறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், பேருலயே கிர்க் இருக்கே, அதுவும் ஸ்காட்லாந்துக்காரங்க கட்டினதுதான். தாம்பரத்துல படிச்சவங்க யாராச்சும் இத படிச்சா, உங்க காலேஜ் வரலாறுல ஒரு பக்கம் எடின்பரோ தெருவுல இருக்கு.

பிஷப் வேணும், அங்கி வேணும், நம்மூரு மாதிரியே இருக்கணும்னா ஸ்காட்டிஷ் எபிஸ்கோப்பல் சர்ச்னு போர்டு பாத்து போங்க. கத்தோலிக்கருங்க கிளாஸ்கோ பக்கம் அதிகம், 19-ம் நூற்றாண்டுல அயர்லாந்துல இருந்து வேல தேடி வந்தவங்களோட வம்சம் பாதிக்கு மேல, அங்க பூசை உலகம் பூரா இருக்குற மாதிரிதான், தனியா கைடு தேவையில்ல.

சரி, உள்ள போவோம். டவுன்ல ஜீன்ஸ் போட்டு போனாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வாசல்ல ஒருத்தரு கை குடுத்து பாட்டு புத்தகம் தருவாரு, பக்கத்துலயே காணிக்கத் தட்டு இருக்கும், இல்லாட்டி நடுவுல பை வரும். பின் வரிசை மொதல்ல நெறஞ்சுரும், முன் வரிசை காத்தாடும், இது உலகத்துக்கே பொது போல. ஆனா காலியா இருக்குன்னு சட்டுன்னு எந்த பெஞ்சுலயும் உக்காராதீங்க, அம்பது வருஷமா ஒரே எடத்துல உக்கார்ற குடும்பங்க உண்டு, ஒரு காலத்துல பெஞ்சுக்கு வாடகையே கட்டினவங்க இவங்க. நான் ஒரு தடவ அப்படி உக்காந்துட்டேன், ஒரு தாத்தா பக்கத்துல வந்து நின்னு சிரிச்சுக்கிட்டே நின்னாரு, நின்னுக்கிட்டே இருந்தாரு, எனக்கு புரியவே ரெண்டு நிமிஷம் ஆச்சு.

ஆராதனை ஆரம்பிக்கிறப்ப எல்லாரும் எந்திரிப்பாங்க. ஐயருக்காக எந்திரிக்கிறாங்கன்னு நெனச்சேன், இல்ல. பீடில்னு ஒருத்தரு, நம்ம கோயில்பிள்ளை மாதிரி, பெரிய பைபிள ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வந்து மேடையில வச்சு விரிப்பாரு, எந்திரிக்கிறது அதுக்கு. மினிஸ்டர் பின்னாலதான் வருவாரு. எல்லா சர்ச்சுலயும் இப்ப இது கெடையாது, இருந்தா நல்லா கவனிங்க, மொத்த சபையோட கொள்கையும் அந்த ரெண்டு நிமிஷத்துல இருக்கு.

இப்ப சுவர பாருங்க. 1528-ல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல பேட்ரிக் ஹாமில்டன்னு இருபது சொச்சம் வயசு பையன், போப்ப எதுத்த ஜெர்மன்காரர் லூத்தர் சொன்னத சொன்னதுக்காக யுனிவர்சிட்டி வாசல்லயே உயிரோட கொளுத்தினாங்க. அந்த எடத்துல தரையில அவரு பேரோட மொத ரெண்டு எழுத்த கல்லால பதிச்சிருக்காங்க. ஸ்டூடன்ட்ஸ் யாரும் அத மிதிக்க மாட்டாங்க, மிதிச்சா பரீட்சையில ஃபெயில், தெரியாம மிதிச்சுட்டா மே 1-ந் தேதி விடியக்காலையில குளிர் கடல்ல முங்கி எந்திரிச்சாத்தான் தோஷம் போகும். நீங்க டூரிஸ்ட்டா போனாலும் சுத்தி நடங்க, பக்கத்துல இருக்குற பிள்ளைங்க பதறிப் போறதுங்க. 1559-ல பெர்த் ஊர்ல ஜான் நாக்ஸ்ங்குற சீர்திருத்தக்காரரு ஒரு பிரசங்கம் பண்ணாரு, முடிஞ்ச கையோட ஜனங்க சிலைகள ஒடைக்க ஆரம்பிச்சுட்டாங்க. மறு வருஷம், 1560-ல, பார்லிமென்ட் போப் அதிகாரம் செல்லாதுன்னும் பூசை வைக்கக் கூடாதுன்னும் சட்டம் போட்டுருச்சு. சுவரு வெறுமையானது அப்பத்தான். நாக்ஸ் கூட்டம் இன்னொரு திட்டமும் வச்சிருந்தாங்க, ஒவ்வொரு சர்ச்சுக்கும் ஒரு ஸ்கூல்னு. பைபிள அவனவனே படிக்கணும்னா எழுத்து தெரியணும்ல. ஒடச்சதுக்கு திட்டுறவங்க இதையும் சேத்து பேசணும்னு எனக்கு தோணும். நாக்ஸ் கல்லறை எடின்பரோ செயின்ட் ஜைல்ஸ் சர்ச்சுக்கு பின்னால இருந்த கல்லறைத் தோட்டத்துல இருந்துச்சு, இப்ப அந்த எடம் கார் பார்க்கிங். 23-ம் நம்பர் பார்க்கிங்குக்கு அடியிலன்னு சொல்றாங்க. சிலைய வெறுத்த மனுஷனுக்கு மேல வண்டி நிக்குது.

பிஷப் எங்க போனாருன்னு அடுத்த கேள்வி. இங்க மினிஸ்டரும், சபையார் தேர்ந்தெடுத்த எல்டர்களும் (மூப்பர்கள்) சேந்து உக்காந்து முடிவெடுப்பாங்க, அதுக்கு பேரு கிர்க் செஷன், அதுக்கு மேல அந்த வட்டாரத்து சபைகளுக்கெல்லாம் சேத்து பிரெஸ்பிட்டரி, எல்லாத்துக்கும் மேல வருஷா வருஷம் மே மாசம் எடின்பரோவுல கூடுற ஜெனரல் அசெம்ப்ளி. தலைவரா மாடரேட்டர்னு ஒருத்தர ஒரே வருஷத்துக்கு வைப்பாங்க, வருஷம் முடிஞ்சா அவரும் பத்தோட பதினொண்ணு. ராஜாவுக்கு இது புடிக்கவே இல்ல, பிஷப் இருந்தாத்தான சபைய புடியில வைக்கலாம். 1596-ல ஆறாம் ஜேம்ஸ் ராஜாவோட சட்டக் கையப் புடிச்சு இழுத்து, நீ கடவுளோட ஒரு எளிய ஊழியக்காரன், அவரு சபையில நீ ராஜாவும் இல்ல தலைவனும் இல்ல, ஒரு அங்கம் அவ்வளவுதான்னு நேருக்கு நேரா சொன்னாரு ஆண்ட்ரூ மெல்வில்ங்குற சபைத் தலைவரு. ஜேம்ஸோட மகன் சார்லஸ் கேக்கல, 1637 ஜூலை 23-ந் தேதி செயின்ட் ஜைல்ஸ்ல இங்கிலாந்து பாணி ஜெபப் புத்தகத்த வாசிக்க வச்சாரு, வாசிக்க ஆரம்பிச்ச ஒடனே ஜென்னி கெடஸ்ங்குற காய்கறிக்காரம்மா உக்காந்திருந்த முக்காலிய தூக்கி, வாசிச்ச பாதிரியார் தலைய பாத்து வீசினாங்கன்னு கதை. செயின்ட் ஜைல்ஸுக்கு போனா அந்த முக்காலிக்கு வச்ச சின்ன சிற்பத்த பாக்காம வராதீங்க. அங்க இருந்து நடந்து போற தூரத்துல கிரேஃப்ரையர்ஸ் சர்ச், 1638 பிப்ரவரி 28-ல அங்கதான் ராஜா சபையில கொண்டாந்த மாத்தம் வேணாம்னு நேஷனல் கவனன்ட்ங்குற உடன்படிக்கையில கையெழுத்து போட ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் அம்பது வருஷம் சண்ட, காட்டுல மேட்டுல ஒளிஞ்சு ஆராதனை, அதுல போன உசுரு நெறைய. 1690-லதான் பிஷப் வேணாம்னு உறுதியாச்சு. இன்னைக்கும் இங்கிலாந்து சர்ச்சுக்கு ராஜா தலைவரு, ஸ்காட்லாந்து சர்ச்சுல அவரு சும்மா ஒரு மெம்பர். அசெம்ப்ளிக்கு அவரு பிரதிநிதி வந்தா மாடியில கேலரியில உக்காரலாம், அசெம்ப்ளி நடக்குற தரைக்கு அவரு வர முடியாது.

பாட்டு வந்தா பயப்படாதீங்க. 1650-ல அச்சடிச்ச சங்கீதப் பாட்டு புத்தகம்தான் அடிப்படை, 23-ம் சங்கீதம் கிரிமண்ட் ராகத்துல கண்டிப்பா ஒரு நாள் வரும், தமிழ்ல பைபிள் வாசிச்சவங்களுக்கு கர்த்தர் என் மேய்ப்பர்னு மனசு ஓடிரும்.

நற்கருணை வாரா வாரம் கெடையாது, வருஷத்துக்கு சில தடவதான். டவுன் சர்ச்சுல நீங்க முன்னால போயி முழங்கால் போட வேண்டாம், எல்டருங்க ரொட்டியும் குட்டி குட்டி கிளாஸ்ல ரசமும் உங்க பெஞ்சுக்கே கொண்டாருவாங்க, வாங்கி பக்கத்து ஆளுக்கு கை மாத்தணும். வேணாம்னா அப்படியே கை மாத்திரலாம், யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க. முன்னாடி காலத்துல எல்டர் வீடு வீடா வந்து கேள்வி கேட்டு, ஒழுங்கா இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தான் ஈயத்துல செஞ்ச ஒரு சின்ன டோக்கன் தருவாரு, அது இல்லாம மேசைக்கு போக முடியாது. மியூசியத்துல பாத்தா பழைய காலணா மாதிரி இருக்கும், ஊரு பேரும் வருஷமும் போட்டு. ஒழுங்கா இல்லாதவங்களுக்கு சபை நடுவுல தனியா ஒரு ஸ்டூல், எல்லாரும் பாக்க அதுல உக்காரணும். எடின்பரோ டடிங்ஸ்டன் கிர்க் வாசல்ல கழுத்துல மாட்டுற இரும்பு வளையம் இன்னும் சங்கிலியோட தொங்குது, கையால தொட்டு பாக்கலாம், சில்லுனு இருக்கும். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸே 1786-ல மாக்லின் ஊரு கிர்க்ல சபை முன்னால நின்னு திட்டு வாங்கினவருதான், காரணம் காதல் விவகாரம்.

இப்ப இதுல எல்லாம் பெரிய அனுபவம் எதுன்னு கேட்டா நான் லூயிஸ் தீவுன்னுதான் சொல்லுவேன். வடமேற்கு ஓரத்துல இருக்கு, உல்லாபூல்ல இருந்து ஃபெர்ரி. சனிக்கெழமையே போயி பெட்ரோல் போட்டு, சாப்பாடு வாங்கி வச்சுக்குங்க, ஞாயித்துக்கெழம ஊரு அடங்கிரும். அங்க அதுக்கு பேரு சபாத், அதாவது ஓய்வு நாள். ஞாயித்துக்கெழம ஃபிளைட் வந்ததே 2002-ல, ஸ்டார்னவேக்கு ஞாயித்துக்கெழம ஃபெர்ரி வந்தது 2009 ஜூலையில, ரெண்டுக்கும் பெரிய எதிர்ப்பு. முன்னெல்லாம் பார்க்ல பிள்ளைங்க ஊஞ்சல கூட கட்டி வச்சிருவாங்க. நீங்க தங்குற வீட்டுல அன்னைக்கு துணிய வெளிய காயப்போட்டுராதீங்க, சட்டம் ஒண்ணும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்க மனசு நோகும். நான் போட்டேன். வீட்டுக்கார அம்மா ஒண்ணும் சொல்லல, நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள துணியெல்லாம் மடிச்சு கட்டில் மேல ஈரத்தோட இருந்துச்சு.

சர்ச்சுக்கு நல்ல சட்ட பேன்ட் போட்டு போங்க, கோட்டு இருந்தா நல்லது, தொப்பி வச்ச பெண்கள அங்க இன்னும் பாக்கலாம். பழைய வழக்கப்படி பாட்டுக்கு உக்காந்திருப்பாங்க, ஜெபத்துக்கு எந்திரிப்பாங்க, நமக்கு நேர் எதிரு, பக்கத்து ஆள பாத்து பண்ணுங்க. கேலிக்ங்குற அந்தத் தீவு மொழியில நடக்குற ஆராதனையா பாத்து போங்க, ஒரு வார்த்த புரியாட்டியும் பரவால்ல. ஆர்கன் கெடையாது, கிட்டார் கெடையாது. பிரிசென்டர்னு ஒருத்தரு ஒரு வரிய இழுத்து பாடி போடுவாரு, அவரு முடிக்கிறதுக்குள்ள சபை உள்ள புகுந்துரும், ஆனா ஒண்ணா இல்ல, ஒவ்வொருத்தரும் அதே ராகத்த அவங்கவங்க இஷ்டத்துக்கு வளைச்சு நெளிச்சு, ஒருத்தரு முந்தி ஒருத்தரு பிந்தி, மொத்தமா சேந்து ஒரு அலை எழும்பி பெஞ்சுக்கு அடியில வரைக்கும் அதிரும், அப்புறம் வடியும், பிரிசென்டர் அடுத்த வரிய போடுவாரு. புத்தகம் இல்லாத, எழுத்து தெரியாத காலத்துல வரி போட்டு பாடின வழக்கம் அப்படியே நின்னுருச்சு. ஃபோன எடுத்து ரெக்கார்டு பண்ணாதீங்க, தயவு செஞ்சு. யூடியூப்ல கெடைக்கும்.

அங்க நற்கருணைன்னா வியாழக்கெழம ஆரம்பிச்சு திங்கக்கெழம வரைக்கும் அஞ்சு நாள், வெள்ளிக்கெழம கேள்வி நாள்னு பேரு, உண்மையான விசுவாசின்னா எப்படி இருப்பான்னு பெரியவங்க எந்திரிச்சு பேசுவாங்க. நீங்க வேடிக்க பாக்க போனா மேசைப் பக்கம் போகாதீங்க. உங்கள மட்டும் சொல்லல, வாழ்நாள் பூரா ஒரு ஞாயிறு தவறாம வர்ற கெழவனுங்க கூட மேசைக்கு போகாம பின்னாலயே உக்காந்திருப்பாங்க, எனக்கு அந்த தகுதி இல்லன்னு. தகுதி இல்லன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு, ஒரு வாரமும் விடாம வர்ற அந்த மனுஷங்கள எனக்கு இன்னும் முழுசா புரியல.

கண்டிப்புன்னா எவ்வளவு கண்டிப்புன்னு ஒரு சாம்பிள். ஃப்ரீ பிரெஸ்பிட்டேரியன் சர்ச்னு இன்னும் ஒரு பிரிவு, 1893-ல பிரிஞ்சது. மக்கே பிரபு அப்ப அதுல எல்டரா இருந்தாரு, பிரிட்டனோட லார்ட் சான்சலர்ங்குற பெரிய சட்டப் பதவி வேற. கூட வேல பாத்த நீதிபதிங்க செத்ததுக்கு கத்தோலிக்க பூசைக்கு போனாருன்னு சபை அவரு மேல நடவடிக்க எடுத்துச்சு, அதுல 1989-ல அந்த சபையே ரெண்டா ஒடஞ்சுது. இதே தீவு வரிசையில தெக்க போனீங்கன்னா சவுத் யூயிஸ்ட், பாரா ரெண்டும் கத்தோலிக்க ஊரு, மலைச் சரிவுல பெரிய மாதா சிலை, ரோட்டோரமா குட்டி குட்டி கெபி, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு ஃபுட்பால். பேசுறது ரெண்டு பக்கமும் அதே கேலிக்.

வெறும் சுவரு பாத்து சலிச்சவங்க அயோனா தீவுக்கு போங்க. ஓபன்ங்குற ஊர்ல ஃபெர்ரி புடிச்சு மல் தீவு, அங்க பஸ், மறுபடி ஒரு சின்ன ஃபெர்ரி. 563-ல அயர்லாந்துல இருந்து கொலம்பா வந்து மடம் கட்டின எடம், ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆன கல்லு சிலுவ இன்னும் வெளிய மழையில நிக்குது, பாம்பும் உருண்டையுமா அவ்வளவு செதுக்கல்.

பேச்சுவாக்குல ஒண்ணு. கிளாஸ்கோவுல யாருகிட்டயும் ரேஞ்சர்ஸா செல்ட்டிக்கான்னு வெளையாட்டா கேக்காதீங்க, அது ஃபுட்பால் கேள்வி இல்ல, நீ புராட்டஸ்டன்டா கத்தோலிக்கனாங்குற கேள்வி. எந்த ஸ்கூல்ல படிச்சன்னு கேக்குறதும் அதேதான்.

கடைசியா கிறிஸ்மஸ். பைபிள்ல இல்லாத பண்டிகைன்னு கிர்க் அத ஒதுக்கிருச்சு, 1640-ல பார்லிமென்ட் அந்த லீவயே ரத்து பண்ணுச்சு, ஸ்காட்லாந்துல டிசம்பர் 25 மறுபடி பொது விடுமுறையானது 1958-ல. என் பக்கத்து வீட்டு தாத்தா, அவங்கப்பா கிறிஸ்மஸ் அன்னைக்கு வழக்கம் போல வேலைக்கு போனத பாத்து வளந்தவரு. அந்த கொண்டாட்டமெல்லாம் எங்க போச்சுன்னா டிசம்பர் 31 ராத்திரிக்கு போச்சு, அதான் ஹாக்மனே. பன்னெண்டு மணி அடிச்ச பெறகு வீட்டு வாசப்படிய மொதல்ல மிதிக்கிற ஆளு கறுப்பு முடிக்கார ஆம்பளையா இருந்தா வருஷம் பூரா அதிர்ஷ்டம்னு நம்பிக்க, செம்பட்ட முடிக்காரன் வந்தா ஆகாது, வைக்கிங் கொள்ளக்காரங்க ஞாபகம்னு சொல்லுவாங்க. ஆக நம்மாளுங்களுக்கு அன்னைக்கு ஏகப்பட்ட கிராக்கி. போன வருஷம் எங்க தெருவுல நாலு வீட்டுக்கு என்ன புக் பண்ணிட்டாங்க. வெறுங்கையோட போகக் கூடாது, ஒரு துண்டு நிலக்கரி, ஷார்ட்பிரெட், கொஞ்சம் உப்பு, குட்டி விஸ்கி பாட்டில். நிலக்கரிக்கு கடைசி நேரத்துல அலையாதீங்க, முன்கூட்டியே வாங்கி பேப்பர்ல சுத்தி வச்சுக்குங்க, கோட்டு பையில அப்படியே போட்டா கறை போகாது. பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாலயே வெளிய போயி நிக்கணும், ஜனவரி குளிரு, க்ளவுஸ் மறந்துராதீங்க, மணி அடிச்சப்புறம் கதவ தட்டுங்க.